கடலால் சுற்றிப் போன விமானம்

கொழும்பு இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானத்தில் ஒரு மணித்தியாலம். இதை எனக்குச் சொன்னவர் அப்பா. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அன்று பட்ட பாடெல்லாம் அதனால்தான்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த வயது. வேகம், தூரம், நேரம் என்றால் எனக்குத் தலைகால் தெரியாத குஷி. யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை பூட்டிக் கிடந்தது. அங்கே பெரியப்பா கடும் வருத்தமாய்ப் படுக்கையில் கிடக்கிறார் என்று சேதி வரவே, அப்பா விமானத்தில் போவதாக முடிவாயிற்று. நான் உடனே தேசப்படப் புத்தகத்தை விரித்து, அடிமட்டம் வைத்து நேர்கோடு கீறினேன். முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர். அப்பா அந்தக் கோட்டை அழித்துவிட்டு, மேற்குக் கரைக்கு வெளியே கடலில் வளைத்து இன்னொன்று போட்டார்.

“இது கூடத் தூரமெல்லோ, அப்பா?”

“கடலுக்கு மேலால போனால் பாக்க வடிவாயிருக்கும் பிள்ளை. அதுதான் சுத்திப் போறவை.”

காசு கொடுத்து ஏறுகிறவர்களுக்குக் கடல் காட்டுவது நியாயம்தான் என்று பட்டது. வளைவுக்காகப் பத்து நிமிடம் கூட்டிக்கொண்டேன்.

புறப்பட்ட காலையில், படியிறங்கிய அப்பா அடையாள அட்டையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. புறப்பட்டவர் திரும்பினால் அப்படியே போகக்கூடாதென்று கதிரையில் இருத்தி, தண்ணீர் குடிக்கவைத்துத்தான் அனுப்பினார். அப்பாவும் “போட்டு வாறன்” என்று இரண்டாம் தரம் சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு விமானம். பதினொன்று பத்துக்கு நான் அறிவித்தேன்: “அப்பா இறங்கீட்டார்.”

அம்மா தொலைபேசியைப் பார்த்தார். அது அடிக்கவில்லை. பன்னிரண்டாயிற்று, ஒன்றாயிற்று. வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுப் பல்கனியில் நின்றால் கடல் தெரியும். அம்மா அங்கும் தொலைபேசிக்கும் நடந்துகொண்டிருந்தார். அடுப்பில் சோறு குழைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். விடை மாறவேயில்லை. அம்மாவைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்:

“கடல் வடிவெண்டு இன்னொருக்காச் சுத்திக் காட்டுகினம் போல.”

கையை ஓங்கிய அம்மா, அடிக்காமல் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். கடல் என்றதற்கு ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றரைக்குத்தான் தொலைபேசி அடித்தது. இறங்கியவர்களை வரிசையில் விட்டுச் சோதித்து, பஸ்ஸில் ஏற்றி, யாழ்ப்பாணம் கொண்டுவந்துவிட அவ்வளவு நேரமாம். அம்மா “சாப்பிட்டீங்களோ?” என்று மட்டும் கேட்டார். பிறகு தொலைபேசியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கினேன்.

“கடல் வடிவா இருந்ததோ அப்பா?”

“நல்ல வடிவு பிள்ளை. நீலமாக் கிடந்தது.”

தரைக்கு மேலால் பறந்தால் கீழேயிருந்து சுட்டுவிடுவார்கள் என்ற பயத்தில்தான் விமானங்கள் கடலால் சுற்றின என்பது வளர்ந்த பிறகே தெரிந்தது. போன மாதம் நானே இரத்மலானையில் ஏறிப் பலாலியில் இறங்கினேன். ஒரு மணித்தியாலம்தான். இறங்கியதும் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, கடல் நீங்கள் சொன்னபடியே நீலமாகக் கிடந்தது என்றேன்.

“அப்பிடியோ?” என்றார் அப்பா. “அண்டைக்கு எங்களை யன்னல் மூடியைத் திறக்க விடேல்லைப் பிள்ளை.”