அந்தரத்தில் முறுக்கிய போல்ட்

வீட்டில் அவருக்கு 'நானே' என்று பெயர். மச்சினன் வைத்தது. குழாய் ஒழுகினாலும் மின்விசிறி முனகினாலும் "நானே பாத்துக்கறேன்" என்று கிளம்பிவிடுவார். பாதி வேலை சரியாக வரும். மீதியைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

மின்சாரக் காரின் முன்சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம்கள் தேய்ந்தபோதும் அப்படித்தான். வாசலில் ஜாக்கி வைத்துத் தூக்கி, புதியவற்றை மாட்டி, சக்கரம் தொங்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டுகளை முறுக்கினார். பட்டறைக்காரன் தோற்றான் போங்கள் என்று ஒரே மார்தட்டல்.

கொஞ்ச நாளில் வேகத்தடை ஏறும்போதெல்லாம் 'கிறீச்' என்றது. பெட்ரோல் வண்டியென்றால் இன்ஜின் இரைச்சலில் அமுங்கியிருக்கும். இது வாயில்லா வண்டி, எதையும் மறைக்காது. தினமும் ஓட்டுவது மனைவி. பல் மருத்துவமனையில் வேலை. பழி வேறு யார் தலையில் விழும்? கண்மண் தெரியாமல் ஓட்டிப் புதுச் சாமானை நாசமாக்கிவிட்டாள் என்று அவள் தம்பியின் எதிரிலேயே சொன்னார்.

சத்தம் வலுக்கவே, ஒரு விடுமுறை நாளில் சக்கரத்தைக் கழற்றினார். ஆர்மின் முனையிலிருந்த ரப்பர் புஷ், பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டு கிழிந்திருந்தது. பார்த்ததுமே புரிந்தது. வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் அதன் நடுவே போகும் போல்ட்டை இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் கிழியத்தான் செய்யும். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

வேறு ஆர்ம் வாங்கி, இந்த முறை பாரம் இறக்கி முறுக்கினார். அவளிடம் சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். மீதியைச் சொல்ல வெட்கம் விடவில்லை.

மறுநாள் அவளோடு ஏறினார். அவள் வழக்கமான தெருவில் திரும்பாமல் கால்வாயோரமாகச் சுற்றிப் போனாள். ஏன் என்று கேட்டார்.

"அந்தப் பக்கம் வேகத்தடை நிறையங்க. நான் ஓட்டித்தான் கெடுதுன்னு சொன்னீங்கள்ல? அதான் சீக்கிரமே கிளம்பி இப்படிப் போறேன்."

குத்திக்காட்டவில்லை. அவர் சொன்னதை நம்பியிருந்தாள். அதுதான் அவரைக் கூனிக் குறுக வைத்தது.

இந்த வழியிலும் ஒரு வேகத்தடை இருந்தது. காரை ஏறக்குறைய நிறுத்தி, ஊர்ந்து ஏறி இறங்கினாள். சத்தம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்து, "இப்ப சரியா ஓட்டினேனா?" என்றாள்.

"நீ எப்பவும் சரியாத்தான் ஓட்டுன. கெடுத்தது..."

காலமெல்லாம் நாக்கு நுனியிலேயே இருந்த சொல்தான். இந்த முறை மார்தட்டல் இல்லாமல் வந்தது.

"நானே," என்றார்.