படகில் இருப்பதாகச் சொன்ன ஆள்

மோகன்குமாருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. இது ஒரு குறையா என்று கேட்டால், கோயமுத்தூர்ப் பக்கத்தில் இதற்குப் பெயர் மரியாதை. அங்கே கணபதிப் பகுதியில் மோட்டார் பம்ப் பட்டறை நடத்திய காலத்தில், சரக்கு தயாராவதற்கு முன்பே "ஏத்தி விட்டாச்சுங்க, வண்டி வந்துட்டே இருக்குதுங்க" என்று போனில் சொல்லிவிடுவார். அப்புறம் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து முடித்து, எப்பாடுபட்டாவது அனுப்பிவிடுவார். சொன்ன பொய்யை மெய்யாக்கிவிடுகிற மனிதரை யாரும் பொய்யர் என்று சொல்வதில்லை. அந்தத் தைரியம்தான் அவரைக் கெடுத்தது.

அப்பேர்ப்பட்டவர் பட்டறையைப் பங்காளியிடம் ஒப்படைத்து, வீட்டையும் விற்று, கொச்சியில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கியதைத் தாராபுரத்துச் சொந்தபந்தம் இன்றுவரை நம்பவில்லை. தோட்டத்துக் கிணற்றைத் தவிர வேறு ஆழம் பார்க்காத குடும்பம் அது. மனைவி புவனா முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், அப்புறம் ஆடுகிற அடுப்பில் அரிசிம்பருப்பு ஆக்கக் கற்றுக்கொண்டாள். படகுக்கு 'அமராவதி' என்று பெயர் வைத்ததும் அவள்தான். பனிக்காலத்தில் கோழிக்கோடு, மங்களூர், கோவா என்று கரையோரமாகவே போய்வந்தார்கள். ஈரத்துணியைப் பாய்மரக் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டு, மகள் ஹர்ஷாவிடம் போனில் பேசிக்கொண்டு, நிம்மதியான வாழ்க்கைதான். கரையில் அவர்களுக்கென்று ஒரு கதவு இல்லை. இருந்த வீடு அந்தப் படகு ஒன்றுதான்.

ஆனால் வைகாசி பிறந்துவிட்டால் புவனா மேற்கு வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். தென்மேற்கு மழை இறங்கினால் கடலில் படகு நிற்க முடியாது. மழைக்காலம் முழுவதும் கட்டிவைக்க மரினா எனும் படகுத்துறையில் ஓர் இடம் வேண்டும். அதைப் பெர்த் என்பார்கள். இந்த வருடம் மிதவைத் துறையின் ஒரு பக்கம் பழுதாகிக் கிடந்ததால் பாதி இடம் இல்லை. இருந்த இடங்களைப் பணக்காரப் படகுகள் முன்கூட்டியே பிடித்துவிட்டன. மோகன்குமார் உப்பங்கழிக்குள் இருந்த ஒவ்வொரு படகுத்தளத்துக்கும் போய்க் கேட்டார். ஓரிடத்தில் ஆழம் போதாது, இன்னோரிடத்தில் பாலம் தாழ்வு, பாய்மரம் நுழையாது. மேற்கே மேகம் தினமும் சற்றுக் கீழே இறங்கிவந்துகொண்டிருந்தது.

கடைசியில் கை கொடுத்தவர் இல்யாஸ். கோயமுத்தூர்க் கோட்டைமேட்டுக்காரர். கொச்சி மரினாவில் படகுகளுக்கு இடம் ஒதுக்குகிற பொறுப்பில் இருந்தார். ஊர்க்காரர் என்றால் அவருக்குத் தனிப் பிரியம். துறையில் கயிறு பிடித்துக் கட்டுகிற வேலை அவருடைய தம்பி ரைஹானுக்கு. ரைஹானின் மனைவி ரம்லா நோன்புக் காலத்தில் புவனாவுக்குக் கஞ்சி கொடுத்தனுப்புவாள்.

"வெளிவரிசையில ஒரு எடம் இருக்குதுங்ணா," என்றார் இல்யாஸ். "ஆனா அலை நேரா அடிக்கிற எடம். ராவும் பகலும் படகுல ஒரு ஆளு இருந்தே ஆகோணும். கயிறு தளந்தா மாத்திக் கட்டோணும், தண்ணி ஏறுனா எறைக்கோணும். ஆளில்லாத படகை அங்க கட்ட வுடமாட்டாங்க. என்ர வேலையே போயிரும்."

"அதுக்கென்னுங்க பாய். நாங்க ரெண்டு பேரும் இருக்கறமுங்களே," என்றார் மோகன்குமார். அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது.

படகைக் கட்டின வாரமே தாராபுரத்திலிருந்து போன் வந்தது. புவனாவின் சித்தப்பா காளிச்சாமி பேசினார். அவர் மகன் கிருபாசங்கருக்குக் கல்யாணம் கூடிவிட்டது. பையனுக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது. மாப்பிள்ளைக்கு அக்கா முறையில் பக்கத்தில் நின்று இணைச்சீர் செய்ய வேண்டியவள் பெரியப்பா மகள் புவனாதான். அவள் இல்லாமல் அந்தச் சீர் நடக்காது. அவள் மட்டும் போயிருக்கலாம், இவர் படகில் இருந்திருக்கலாம். "மாப்ள, நீங்க வராம நான் பந்தல்கால் ஊணமாட்டனுங்க," என்றார் காளிச்சாமி. "வந்தர்றனுங்க மாமா," என்று இவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் இல்யாஸிடம் போய் நின்றார். கல்யாணம் என்றதும் இல்யாஸ் முகம் சுருங்கியது.

"அப்ப படகுல ஆருங்ணா?"

"பாலக்காட்டு ஆளு ஒருத்தரைப் போட்டிருக்கறனுங்க பாய். நல்ல அனுபவஸ்தர். இன்னைக்குச் சாயங்காலமே வந்து படுத்துக்குவாருங்க."

"நம்ம ரைஹானை வேணா அப்பப்ப உள்ள எட்டிப் பாக்கச் சொல்லட்டுங்களா?"

"அவருக்கெதுக்குங்க வீண் சிரமம்? ஆளுதான் இருக்குதுங்களே."

ஆள் இல்லை. வழக்கம்போலப் பொய்யை மெய்யாக்க நாயாய் அலைந்தார். வரப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்த பாலக்காட்டுக்காரர் வரவில்லை, வேறு யாரும் சிக்கவில்லை.

"ஏனுங்க, ஆளு போட்டாச்சுன்னு சொல்லிப்போட்டீங்களே, ஆளு எங்கீங்க?" என்றாள் புவனா, பெட்டியை மூடாமல். "பாய்கிட்ட உள்ளதைச் சொல்லீருங்க. இல்லீனா நீங்க இருங்க. எனக்கென்னமோ மனசே செரியில்லை."

"ஆளு என்னத்தைப் பண்ணும் அம்மணி? தூங்கிப்போடும். இது தூங்காது." அவர் காட்டியது, படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப்புக்குத் தன் கையாலேயே செய்து மாட்டியிருந்த மொபைல் ஸ்டார்ட்டரை. நம் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாக் கிணற்றடியிலும் இருக்கும் அதே பெட்டிதான். போனிலிருந்தே மோட்டாரைப் போடலாம். தண்ணீர் வற்றி மோட்டார் சும்மா சுற்றினால், கருகிப்போகாமல் தானே நிறுத்திவிட்டுப் போனில் கூப்பிட்டுச் சொல்லும். வறண்ட பூமிக்காரர்கள் கண்டுபிடித்த புத்திசாலித்தனம். கிணற்றில் அது சரி. கிணற்றில் காப்பாற்ற வேண்டியது மோட்டாரை. படகில் மோட்டார் கருகினாலும் படகைத்தானே காப்பாற்ற வேண்டும்? பம்ப்பு செய்தே தலை நரைத்த மனிதருக்கு இது உறைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

அவர்கள் பாலக்காட்டைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. கோயமுத்தூர் வந்தபோது சாரல், தாராபுரத்தில் வெறும் காற்று. மண்டபத்தில் புவனா டிவி முன்னாலேயே நின்றாள். அதில் கொச்சி வெள்ளக்காடாகத் தெரிந்தது. கல்யாணத்தன்று காலையில் அவளை அலங்கரித்து, தலையில் கூடையைச் சுமக்க வைத்து, தம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரர் சீரைத் தொடங்கிய நேரத்தில் மோகன்குமாரின் போன் அடித்தது. பதிவு செய்த பெண் குரல். "தண்ணீர் இல்லை. மோட்டார் நிறுத்தப்பட்டது."

அவர் முகம் மலர்ந்தது. கூட்டத்துக்கு மேலாகப் புவனாவைப் பார்த்துக் கையை விரித்து, பயப்படாதே என்று சைகை காட்டினார். பக்கத்தில் இருந்தவரிடம், "அங்க அந்தப் பேய்மழை, நம்ம படகுல சொட்டுத் தண்ணி இல்லைங்க," என்று பெருமை வேறு.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவரை உறுத்தியது. சொட்டுத் தண்ணீர் இல்லாத படகு எங்கே இருக்கிறது? வெயில் காலத்திலேயே கொஞ்சம் கசியும். அந்தப் பெட்டிக்குக் கண்ணா இருக்கிறது? மோட்டார் இழுக்கும் கரண்ட்டை வைத்துத்தான் தண்ணீர் உண்டா இல்லையா என்று அது கணக்குப் போடும். பம்ப்பின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டாலும் மோட்டார் சும்மாதான் சுற்றும், அப்போதும் தண்ணீர் இல்லை என்றுதான் சொல்லும். அவர் போனிலிருந்து மோட்டாரைப் போட்டார். நின்றது. மறுபடி போட்டார். "தண்ணீர் இல்லை" என்றது அந்தக் குரல், மரியாதையாக.

இல்யாஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். விரல் அந்தப் பெயரின் மேல் நின்றது. கூப்பிட்டால் ஆள் என்ன செய்கிறார் என்று கேட்பாரே! சீர் முடியட்டும், வெளியே போய்ப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார். சீர் முடிந்தது, தாலியும் ஏறியது. அட்சதை தூவிக்கொண்டிருந்தபோது இல்யாஸே கூப்பிட்டார்.

"அண்ணா, படகு ஒரு பக்கமா சாஞ்சு எறங்குதுங்ணா! உங்க ஆளு வெளியவே வரலை. கூப்பிட்டாப் பதிலில்லை. தூங்கறாரோ மயக்கமோ தெரியலை. நம்ம ரைஹான் உள்ள எறங்கீருக்கறான்..."

"பாய்... வரச் சொல்லுங்க... உள்ள ஆருமில்லீங்க," என்றார் மோகன்குமார். நாதஸ்வரமும் கெட்டிமேளமும் அதை விழுங்கிவிட்டன. மறுமுனையில் மழைச் சத்தம், யாரோ கத்தும் சத்தம், பிறகு மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். லைன் போய்விட்டது.

அலங்காரத்தைக்கூடக் கலைக்காமல் புவனா காரில் ஏறினாள். மரினாவில் அமராவதியின் பாய்மர நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே சாய்ந்து நின்றது. அதை நின்று பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். படகு புரண்டபோது வெளியே தாவிய ரைஹானின் கால் துறைக்கும் படகுக்கும் நடுவில் சிக்கி நசுங்கியிருந்தது. கால் தங்குமா என்பதை நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலருகே ரம்லா நின்றிருந்தாள். இல்யாஸ் அங்கே இல்லை. ஆள் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவர் அவர்தான் என்பதால், மேலதிகாரிகள் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

ரைஹான் கண் திறந்து அவர்களைப் பார்த்தான்.

"அண்ணா, உங்க ஆளு கெடச்சுட்டாருங்களா? உள்ரூம் வரைக்கும் தேடுனேனுங்ணா. ஒருக்கா மேல வந்துட்டேன். அப்புறம் உள்ளுக்குள்ள தட்டற சத்தம் கேட்டுச்சு. பாவம், உசுரோட இருக்கறாருன்னு மறுக்கா எறங்குனேன்."

மோகன்குமார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஆளே போடலீங்க தம்பி. பாய்கிட்ட நான் சொன்னது பொய்யுங்க."

ரைஹானுக்கு அது புரிய நேரம் பிடித்தது. "அப்ப தட்டுனது ஆருங்ணா?"

"என்ர பாத்திரமுங்க தம்பி," என்றாள் புவனா. "தண்ணியில மெதந்து முட்டியிருக்கும்."

ரைஹான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ரம்லா நடந்துபோய் அறைக்கதவைத் திறந்து பிடித்தாள். யார் வந்து கிளம்பினாலும் போயிட்டு வாங்க என்று சொல்லியே பழகிய வாய் அவளுடையது.

"போங்கண்ணா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.