வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்த கேமரா

முந்தின வருடம் சம்பா மூழ்கியபோது, மழையில் நனைந்து எங்கள் கேமரா செத்துப்போனது. தண்ணீர் வடிந்த பிறகு நிவாரணக் கணக்கெடுக்க வந்த அதிகாரி, பயிர் மூழ்கிய படம் எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தப் பயத்தில், மறு ஐப்பசிக்கு முன்பே தஞ்சாவூர்க் கடையில் போய் நின்றேன்.

கடைக்காரர் தண்ணீர் புகாத கேமரா இரண்டை எடுத்து வைத்தார். "வெள்ளிக் கலர் பதினஞ்சு மீட்டர் ஆழம் தாங்கும்க்கா. மஞ்சள் அஞ்சு மீட்டர்தான், ஆனா கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது."

சிங்கப்பூரிலிருந்து கணவர் போனில் வெள்ளியையே வாங்கச் சொன்னார். எட்டாவதோடு நின்றவளுக்கு என்ன தெரியும் என்று அவருக்கு நினைப்பு. ஆனால் எங்கள் வயலில் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. பதற்றத்தில் கேமராவைக் கைநழுவ விடப்போவதும், வரப்பில் வழுக்கி விழப்போவதும் நான்தான்.

"ஒரு வாளித் தண்ணி கொண்டாங்க. ரெண்டையும் முக்கிப் பாக்கணும்."

"கேரண்டி இருக்குக்கா!"

"வயல்ல கேரண்டியா வந்து படம் புடிக்கும்?"

கடைக்காரர் வெள்ளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மஞ்சளை மட்டும் மனசில்லாமல் முக்கினார். ஈரக் கையாலேயே பொத்தானை அழுத்தினேன். படத்தில் அவர் முகம் தெளிவாக விழுந்தது.

"மஞ்சளை வாங்கிட்டேன்," என்று போனில் சொன்னேன்.

"நான் சொன்னது என்னாச்சு?"

"நீங்க வந்து சேத்துல இறங்குங்க. அன்னைக்கு வெள்ளி வாங்கிக்கலாம்."