கோணல் தையல்

அம்மா தவறிய பிறகு, சிதம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா, அம்மாவின் பழைய சேலைகளை வெட்டி வண்டிக்குத் திரை தைத்தார். ஒரு பக்கம் கத்தரிப்பூ நிறம், மறுபக்கம் பச்சைக் கட்டம். கல்லூரித் தோழிகள் அதைப் பார்த்துச் சிரித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே பிய்த்தெறிந்தேன்.

அப்பா திட்டவில்லை. மறுநாளிலிருந்து வண்டியையும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள், "வண்டி எடுக்கலையாப்பா?" என்றேன்.

"அத தைக்கும்போதுதாம்மா மனசு கொஞ்சம் லேசா இருந்துச்சு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

கிழிந்த துண்டுகளைத் தேடியெடுத்து, தெரிந்தவரை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா தையலு இது? ஊசிய எடு" என்று சொல்லிப் பிரிக்க ஆரம்பித்தார்.

நான் மோசமாகச் செய்ததற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே வேலை அதுதான்.