என் பெயரில் ஒரு கடை

பதுளை டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடையில் எனக்கு பில் போடும் வேலை. விற்பனை ஓர் அளவைத் தாண்டினால் அரசாங்கத்துக்கு வரி கட்ட வேண்டும். முதலாளி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்: ஒரே கடை, ஒரே கல்லா, காகிதத்தில் மட்டும் இரண்டு கடைகள். இரண்டாவது கடை என் பெயரில். "சும்மா ஒரு கையெழுத்துதாம்மா" என்றார். சம்பளம் கொடுக்கிறவர் கேட்கும்போது மறுக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. போட்டுவிட்டேன்.

என் விலாசம் கேட்டிருந்த இடத்தில், டவுனில் தங்கியிருந்தாலும், பழக்கதோஷத்தில் ஹல்துமுல்லைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீஸ் விலாசத்தை எழுதினேன். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் ஏது? ஆபீசுக்கு வரும் கடிதங்களைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வைத்துத்தான் கொடுப்பார்கள். வரி இலாகாவின் கடிதமும் அங்கேதான் வந்தது. சிங்களத்தில் இருந்ததால் அம்மா அதைக் கொழுந்தின் நிறையை எழுதும் கணக்கப்பிள்ளையிடமே நீட்ட, அவர் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டார்: என் பெயரில் உள்ள கடையின் வரிக் கணக்கைக் காட்ட வேண்டுமாம்.

அன்று மாலை அம்மாவின் போன் வந்தது. "ஏண்டி, கடை வாங்கினத எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? லயம் முழுக்கக் கேசரி கிண்டிக் குடுத்துட்டேன்!"

வரிப் பாக்கி என் தலையில் விழும். ஏழைக் குடும்பம் என்று அரசாங்கம் அம்மாவுக்குத் தரும் நிவாரணப் பணமும், மகள் கடைக்காரி என்றால் நின்றுவிடும். பெயரை எடுக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். "பாத்துக்கலாம்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் கோபம் வந்தது. டவுனில் கடை விலாசத்தையே எழுதியிருந்தால் அந்தக் கடிதம் இவர் கையோடு போயிருக்கும்!

மறுநாள் வரி அலுவலகத்துக்குப் போனேன். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். நானோ வாசல்வரை வந்து இரண்டு தடவை திரும்பி நடந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அங்கிருந்த அம்மையார் நடந்ததைத் தமிழிலேயே எழுதித் தரச் சொல்லி, என் சம்பளச் சீட்டுகளையும் வாங்கிக்கொண்டார்.

வேலை போயிற்று. இரண்டு மாதம் எனக்குச் சரியான தூக்கமில்லை. பிறகு இரண்டாவது கடிதம் வந்தது. இந்தத் தடவை நானும் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். கணக்கப்பிள்ளை வாசித்தார்: கடை என்னுடையது அல்ல, நான் கட்ட வேண்டியது எதுவும் இல்லை, இனி விசாரணை முதலாளியிடம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "எம் மகளுக்குக் கடையும் இல்ல, ஒண்ணும் இல்ல! சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வாங்க, கேசரி கிண்டுறேன்."