கடலுக்குக் கிளம்பிய ஜீப்

எங்கள் வீட்டுக்குக் கூரியர் வண்டி வராத வாரம் கிடையாது. திருப்புல்லாணிப் பக்கம் மிளகாய் விளைகிற சின்ன ஊர் எங்களுடையது. என் கணவர் பல வருடம் துபாயில் இருந்துவிட்டு, இனிப் போவதில்லை என்று வந்து விவசாயத்தில் இறங்கியவர். மகள் தவழ்ந்ததையும் நடந்ததையும் வீடியோவில்தான் பார்த்தார். அந்தக் குறையைச் சாமான் வாங்கியே தீர்த்துவிடப் பார்த்தார். ஆறு வயதுப் பிள்ளை எதைத் தொட்டுக் காட்டினாலும் சில நாளில் வாசலில் வந்து இறங்கும். பேசுகிற பொம்மை, பறக்கிற பொம்மை, காற்றடித்து நிரப்புகிற தண்ணீர்த் தொட்டி. நான் முனகினால், பிள்ளைக்கு இல்லாமல் வேறு யாருக்கு என்பார்.

போன கோடை விடுமுறையில் பேட்டரி ஜீப் வந்தது. நல்ல சிவப்பு. அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போதே தெரு கூடிவிட்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படத்தைப் பார்த்துப் பார்த்துச் சக்கரம் மாட்டினார். மாட்டி முடித்ததும் மகள் ஏறி உட்கார்ந்து ஹாரனை அழுத்தினாள். கோழிகள் சிதறி ஓடின. அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து பின்னாலேயே ஓடினார். எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

மறுநாள் காலை நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் ஜீப்பும் இல்லை, மகளும் இல்லை. எனக்கு முதலில் ஊருணிதான் நினைவுக்கு வந்தது. அப்படியே ஓடினேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. என் சத்தம் கேட்டு அவர் வயலில் இருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தார். புழுதியில் மெல்லிசாகச் சக்கரத் தடம் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஓடினோம்.

ஊர்க் கடைசியில் ஆடு மேய்க்கிற அக்கா ஒருத்தி எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒம்ம மகளா? இப்பத்தான் அங்கன போகுது. எங்க தாயி போறன்னு கேட்டேன். கடலுக்குன்னுச்சு. சும்மா வெளாட்டுக்குச் சொல்லுதுன்னு நெனச்சேன்."

அவள் கை காட்டிய பக்கம் ஓடினோம். பனைமரங்களைத் தாண்டி, மணல் தொடங்குகிற இடத்தில் ஜீப் புதைந்து நின்றது. மகள் இறங்கவே இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் தண்ணீர் பாட்டிலும் மாற்றுத் துணியும் இருந்தன.

"சார்ஜ் தீந்துருச்சு அய்யா," என்றாள் அப்பாவைப் பார்த்து.

அவளை அள்ளித் தூக்கினேன். அடிக்கவும் தோன்றியது, முத்தமிடவும் தோன்றியது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"கடலுக்குப் போகணும்னா என்கிட்டச் சொல்ல வேண்டியதுதான தாயி?"

"சொன்னேன்ல. நீங்க தொட்டி வாங்கிக் குடுத்தீங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பைக்கில் போனால் பத்து நிமிடத்தில் கடல். கல்யாணமாகி வந்ததிலிருந்து நானே இரண்டொரு தடவைதான் போயிருந்தேன், அதுவும் அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கிற கூட்டத்துக்குள்.

அவர் எழுந்தார். ஜீப்பைப் பார்த்துக்கொள்ளும்படி அந்த அக்காவிடம் சொல்லிவிட்டு, ஊருக்குள் ஓடிப் பைக்கை எடுத்து வந்தார். நான் நைட்டிக்கு மேல் துண்டைப் போர்த்தியபடியே ஏறினேன். இட்லிச்சட்டி அடுப்பில் இருப்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அணைக்கச் சொன்னேன். திரும்பலாமா என்று அவர் கேட்டதற்கு, போங்க என்றேன்.

சேதுக்கரையில் அன்று ஆளே இல்லை. பச்சைக் கண்ணாடி மாதிரி கடல். மகள் கத்திக்கொண்டே இறங்கினாள். அவர் பின்னால், நான் அவருக்குப் பின்னால். சின்ன அலைதான், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் மூன்று பேரும் குதித்தோம். காலுக்கடியில் மணல் உருவிக்கொண்டு போக, நான் வழுக்கி விழுந்தேன். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. எழ முடியாமல் சிரித்தேன். அவர் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, இது என்ன கடல், அது என்ன படகு என்று தெரிந்ததும் தெரியாததுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். துபாயில் அவ்வளவு வருடம் கடற்கரையில் இருந்தும் ஒருநாள்கூடக் கால் நனைத்ததில்லை என்று அன்றுதான் என்னிடம் சொன்னார்.

வெயில் ஏறும்வரை கிடந்துவிட்டுப் பசியோடு திரும்பினோம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை வயலுக்கு விடுமுறை. சாமான் வாங்குவதை அவர் நிறுத்திவிட்டார் என்று சொன்னால் பொய். அடுத்த வாரமே கூரியர் வண்டி வந்தது. உள்ளே மிதவைச் சட்டைகள், ஆளுக்கொன்று. அத்தனை வருடத்தில் அந்த வண்டியில் எனக்கென்று வந்த முதல் சாமான் அது. உடனே போட்டுப் பார்த்தேன்.