இரண்டு வேன்களிலும் நான் இல்லை

போன மாசியில் எங்கள் சேலையூர் காலனியிலிருந்து நான்கு குடும்பங்கள் இரண்டு வேன்களில் சுற்றுலா கிளம்பினோம். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிக் கடலோரமாகவே போய், ராமேஸ்வரம் பார்த்துவிட்டு, மறுநாள் கொடைக்கானல் மலை ஏறினோம். என் கணவர் நண்பர்களோடு முன் வேனில் இருந்தார். நான் மற்ற பெண்களோடு பின் வேனில்.

மலைப்பாதையில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினார்கள். கடைக்குப் பின்னாலிருந்த கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தேன். இரண்டு வேன்களையும் காணோம். போன், பணம், ஸ்வெட்டர் எல்லாம் வேனில். கடைக்கார அம்மாவிடம் போன் கேட்டு வாங்கினேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் நம்பர் மட்டும்தான். விடாமல் அதற்கே அடித்தேன். கடைசியில் பக்கத்து வீட்டு மாலா எடுத்தாள்.

"அக்கா, நீங்க சார் கூட முன் வண்டியில இல்ல?"

"இல்ல மாலா. டீக்கடையிலயே நிக்கிறேன்."

பின் வேன் திரும்பி வந்து ஏற்றிக்கொண்டது. மாலா அவருக்கும் சொல்லியிருந்தாள். அவர் வரவில்லை. நாங்கள் ஓட்டலை அடைந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டுப் போக மாட்டியா? உன்னால எல்லாருக்கும் லேட்டு" என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இப்போது மகளின் நம்பரையும் மாலாவின் நம்பரையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். வெளியூரில் போனைக் கையை விட்டு இறக்குவதில்லை. வண்டி கிளம்பும்போது, "நான் ஏறிட்டேன்" என்று நானே சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். யாரும் கேட்பதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.